‘அவருக்காக’ அச்சிடப்பட்டது

லண்டனுக்கு வந்த முதல் வருஷம் என் அலுவலகம் லட்கேட் ஹில்லில் இருந்தது. மதியச் சாப்பாட்டை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, மிச்ச அரை மணியில் செயின்ட் பால் தேவாலயத்தை ஒரு சுற்று சுற்றி வருவேன். அங்கே பெஞ்சு, புறா, சுற்றுலாக் கூட்டம் எல்லாம் உண்டு. நான் நடந்துகொண்டிருந்த அந்தக் கல்தரையில்தான் ஒரு காலத்தில் இங்கிலாந்தின் புத்தக வியாபாரத்தில் பெரும்பகுதி நடந்தது என்பது எனக்குத் தெரிய வந்தது இன்னொரு வழியாக, இரண்டு பழைய தலைப்புப் பக்கங்கள் மூலமாக.

இரண்டும் ஷேக்ஸ்பியரின் கவிதைப் புத்தகங்கள். ஒன்று 1593-ல் வந்த ‘வீனஸ் அண்ட் அடோனிஸ்’. அதன் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருப்பதன் பொருள் இது: “ரிச்சர்ட் ஃபீல்ட் அச்சிட்டது, பால்ஸ் சர்ச்யார்டில் வெள்ளை வேட்டைநாய் அடையாளத்தில் கிடைக்கும்.” மற்றது அடுத்த வருஷம் வந்த ‘லூக்ரீஸ்’. அதில்: “ரிச்சர்ட் ஃபீல்ட், ஜான் ஹாரிசனுக்காக அச்சிட்டது, பால்ஸ் சர்ச்யார்டில் வெள்ளை வேட்டைநாய் அடையாளத்தில் கிடைக்கும்.” பால்ஸ் சர்ச்யார்ட் என்றால் நான் சுற்றி வந்த அதே செயின்ட் பால் வளாகம். எழுதியவர், அச்சடித்தவர், கடை மூன்றும் அதேதான். நடுவில் ‘ஹாரிசனுக்காக’ என்று ஒரே ஒரு சொல் கூடியிருக்கிறது.

அந்த ‘க்காக’ என்னைப் பிடித்து நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. ஊரில் இருந்தபோது நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு கவிதைத் தொகுப்பு போட்டோம், 500 பிரதி. காகிதம் வாங்கப் பணமில்லை. என் அக்கா தன் வளையல் இரண்டைக் கழற்றிக் கொடுத்தாள். அதை அடகிலிருந்து மீட்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. அந்தப் புத்தகத்தில் கவிஞர்களின் பெயர் இருக்கிறது, அச்சகத்தின் பெயர் இருக்கிறது, அட்டைப்படம் வரைந்தவர் பெயர்கூட இருக்கிறது. அக்காவின் பெயர் எங்கேயும் இல்லை. ‘ஹாரிசனுக்காக’ என்று படித்ததும் எனக்கு அந்த வளையல்தான் ஞாபகம் வந்தது. முதல் பதிப்பில் காகிதத்துக்குப் பணம் போட்டவர் அச்சகக்காரரான ஃபீல்டே. இரண்டாவது புத்தகத்தில் அந்தச் சுமையை ஹாரிசன் ஏற்றுக்கொண்டார். 1594 ஜூனில் ‘வீனஸ்’ உரிமையும் ஹாரிசன் கைக்கே போய்விட்டது. இத்தனையையும் அந்த ஒரு வேற்றுமை உருபு சொல்லிவிடுகிறது.

பதிப்பாளர் என்று நாம் இன்று சொல்லும் ஆளுக்கு அந்தக் காலத்து லண்டனில் தனிப் பெயர் கிடையாது. அச்சடிப்பவர், பைண்டு செய்பவர், விற்பவர் எல்லாருக்கும் சேர்த்து ‘ஸ்டேஷனர்’ என்றார்கள். தெருத்தெருவாகச் சுமந்து விற்காமல் ஓரிடத்தில் கடை போட்டு உட்கார்ந்தவன் என்பதுதான் அந்தச் சொல்லின் வேர். கையெழுத்துப்படியை விலைகொடுத்து வாங்கி, காகிதம் வாங்கிக் கொடுத்து, அச்சுக்கூலி கொடுத்து, விற்றால் லாபமும் விற்காவிட்டால் நஷ்டமும் தன்னுடையது என்று நிற்பவர் யார் என்று அறிய அந்த ‘க்காக’வைத்தான் தேட வேண்டும். சில சமயம் மூன்று பேரும் மூன்று ஆட்களாக இருப்பார்கள். 1609-ல் வந்த ஷேக்ஸ்பியரின் ‘சானெட்’ கவிதைகளைப் பாருங்கள்: ஜி. எல்ட், டி.டி.க்காக அச்சிட்டது, விற்பவர் வில்லியம் ஆஸ்ப்லி. வேறு சில பிரதிகளில் விற்பவர் பெயர் ஜான் ரைட் என்று மாறியிருக்கும். டி.டி. என்பவர் தாமஸ் தார்ப். பணம் போட்ட மனிதருக்கு இரண்டே இரண்டு எழுத்து!

‘இன்ன இடத்தில் கிடைக்கும்’ என்பதையும் நான் வெகுநாள் தவறாகவே புரிந்துகொண்டிருந்தேன். அந்த ஒரு கடையில்தான் புத்தகம் கிடைக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன். பீட்டர் பிளேனி என்ற ஆய்வாளரைப் படித்த பிறகுதான் தெளிந்தது. அது மற்றக் கடைக்காரர்களுக்கான முகவரி. மொத்த விலைக்கு வாங்க எங்கே வர வேண்டும் என்று சொல்கிறது. வாசகர் எந்தக் கடையிலும் வாங்கலாம். தலைப்புப் பக்கத்தைத் தனியாகவும் அடித்து, தூண்களிலும் கம்பங்களிலும் விளம்பரமாக ஒட்டினார்கள். வீட்டு எண்கள் இல்லாத காலம் என்பதால் கடைக்கு அடையாளம் தொங்கும் பலகைதான். வெள்ளை வேட்டைநாய், தேவதை, நரி, கிளி, பச்சை டிராகன், புள்ளிக்காளை என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம். தேவாலயத்தின் வடகிழக்கு மூலையில் பிரசங்க மேடையைச் சுற்றி இந்தக் கடைகள் நெருக்கியடித்து நின்றன. பிளேனி அவற்றின் இடத்தைக் கடை கடையாக அளந்து வரைபடமே போட்டிருக்கிறார். அதைப் பார்த்த பிறகு நான் அந்தத் தரையில் நடக்கும் விதம் மாறிப்போனது.

இனி பணம். ஒரு நாடகப் புத்தகம் ஏறக்குறைய பத்துத் தாளில் அடங்கும். தாளை இரண்டு முறை மடித்தால் எட்டுப் பக்கம். 800 பிரதி போட 8,000 தாள். வெள்ளைக் காகிதம் பெரும்பாலும் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது. இங்கிலாந்தில் அதைச் செய்யும் ஆலைகள் மிகக் குறைவு. செலவில் பெரும்பங்கு காகிதத்துக்கே போனது. அது முதலில், ரொக்கமாகப் போனது. புத்தகத்தின் சில்லறை விலை ஆறு பென்ஸ். அந்தக் காசுக்குக் குளோப் அரங்கில் ஆறு தடவை நின்றுகொண்டு நாடகம் பார்த்துவிடலாம். மற்றக் கடைக்காரர்களுக்கு நாலு பென்ஸ், அதாவது மூன்றில் ஒரு பங்கு கழிவு. நம் ஊர்ப் புத்தகக் கடைக்காரர்களுக்கும் பழக்கமான கழிவுதான். அந்த நாலு பென்ஸ் துளித்துளியாகத் திரும்பி வரும்வரை பதிப்பாளர் காத்திருக்க வேண்டும். நாடகப் புத்தகங்கள் சுடச்சுட விற்றுத் தீர்ந்தன என்று நம் மனத்தில் ஒரு சித்திரம் இருக்கிறதே, அதையும் பிளேனி கலைத்துவிட்டார். பிரசங்கங்கள், பிரார்த்தனை நூல்கள், பஞ்சாங்கங்களோடு ஒப்பிட்டால் நாடகம் சின்ன வியாபாரம். ஷேக்ஸ்பியரே அன்றைய கடைக்காரர்களுக்கு முதலில் ‘வீனஸ் அண்ட் அடோனிஸ்’ எழுதியவர்தான். 1640-க்குள் அதற்கு 16 பதிப்புகள்.

விற்காத தாள்கள் என்ன ஆயின? மளிகைக்கடைக்குப் போயின, மசாலா மடிக்க. பலகாரக் கடைக்கும் போயின, தட்டுக்கு அடியில் விரிக்க. புத்தகம் பெரும்பாலும் தைத்தோ தைக்காமலோ தாளாகவே விற்கப்பட்டதால் பொட்டலம் கட்டுவதற்கு இன்னும் வசதி. நம் ஊரில் கடலை மடித்த தாளைப் பிரித்துப் படித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இவ்வளவு ஆபத்தான முதலீட்டுக்கு ஒரு காவல் வேண்டும் இல்லையா? அந்தக் காவல் ஸ்டேஷனர்ஸ் கம்பெனி. மேரி அரசியும் கணவர் பிலிப்பும் 1557 மே 4 அன்று சாசனம் கொடுத்தார்கள். அதில் பெயர் குறிக்கப்பட்டவர்கள் 97 பேர். அரசுக்கு வேண்டியது, அச்சைக் கண்காணிக்க ஓர் ஆள். வியாபாரிகளுக்கு வேண்டியது, ஒருவர் போட்ட புத்தகத்தை அடுத்தவர் போடாமல் தடுக்க ஓர் ஏற்பாடு. இரண்டும் ஒரே ஏட்டில் சேர்ந்தன. ஷேக்ஸ்பியர் காலத்தில் ஆறு பென்ஸ் கட்டிப் பதிவேட்டில் எழுதிவிட்டால் அந்த நூல் ‘அவருடைய காப்பி’. எழுதியவருடையது அல்ல, பதிந்தவருடையது! அதற்குக் கால வரம்பு இல்லை. விற்கலாம், அடகு வைக்கலாம், உயில் எழுதலாம். கணவன் இறந்தால் மனைவி கடையை நடத்தலாம். ரிச்சர்ட் ஃபீல்டுக்கே அச்சகம் அப்படித்தான் வந்தது. ஸ்ட்ராட்ஃபோர்டில் தோல் பதனிடுபவரின் மகன், ஷேக்ஸ்பியரின் ஊர்க்காரர். தாமஸ் வாட்ரோலியேயிடம் வேலை கற்றார். முதலாளி இறந்த பிறகு அவருடைய மனைவி ஜாக்லினை மணந்தார். கணவன் வெளியூரில் இருக்கும்போதே அச்சகத்தை ஓட்டத் தெரிந்த பெண்மணி அவர். தலைப்புப் பக்கங்களில் அவர் பெயரைத் தேடினால் கிடைப்பது அபூர்வம்.

இந்த ஏற்பாட்டில் யாருக்கு நியாயம் கிடைத்தது என்று கேட்டால், பணக்காரர்களுக்கு என்றுதான் சொல்ல வேண்டும். நிச்சயமாக விற்கும் புத்தகங்களெல்லாம் அரச அனுமதிப் பட்டயத்தில் சிலரிடம் முடங்கிக் கிடந்தன. பைபிள் பார்க்கரிடம், சட்டப் புத்தகங்கள் டாட்டலிடம், அரிச்சுவடியும் சங்கீதப் பாடல்களும் ஜான் டேயிடம். மற்ற அச்சகத்தார் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோஜர் வார்ட் என்பவர் டேயின் அரிச்சுவடியைத் திருட்டுத்தனமாக அடித்தார். 10,000 பிரதி என்று ‘ஸ்டார் சேம்பர்’ என்னும் அரச நீதிமன்றத்தில் அவரே ஒப்புக்கொண்டார். வழக்கு 1582-ல் நடந்தது. ஜான் வுல்ஃப் இன்னும் துணிந்தவர். மீன் வியாபாரிகள் சங்கத்தில் உறுப்பினராக இருந்துகொண்டே அச்சுத் தொழில் செய்தார், பட்டயப் புத்தகங்களை வரிசையாக அடித்தார். நீ ஒரு சாதாரண மனிதன், அரசியின் ஆணைக்கு எதிராக நிற்கலாமா என்று கேட்டபோது, லூதரும் ஒற்றை ஆள்தான், அவர் மதத்தைத் திருத்தினார், இந்தத் தொழிலைத் திருத்தப் போகும் ஒற்றை ஆள் நான் என்றாராம். சிறைக்கும் போனார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது, அடுத்த பக்கத்தைப் புரட்டும்வரை. 1583-ல் கம்பெனி அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1587-ல் அவரே கம்பெனியின் ஏவலராகி, மறு வருஷம் ராபர்ட் வால்ட்கிரேவ் என்ற பியூரிட்டன் அச்சகக்காரரின் அச்சகத்தைச் சோதனை போட்டு அச்சுப்பொறியைப் பறிமுதல் செய்தார். ஆனாலும் அந்தப் போராட்டம் வீண் போகவில்லை. பட்டயக்காரர்கள் சில நூல்களை ஏழை அச்சகத்தாருக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. ஒரு பதிப்புக்குப் பொதுவாக 1,250 அல்லது 1,500 பிரதிக்கு மேல் அடிக்கக் கூடாது என்று 1587-ல் விதி வந்தது. திரும்பத் திரும்ப எழுத்துக் கோக்க வைத்தால்தான் கோப்பவர்களுக்குக் கூலி கிடைக்கும் என்பது அதன் நோக்கம். தொழிலாளிக்காக எண்ணிக்கையைக் குறைத்த விதி என்பதால் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு.

தலைப்புப் பக்கத்தின் கடைசி வரியை இவ்வளவு தூக்கிப் பேசுகிறேன். அது பொய்யும் சொல்லும். 1608 என்று தேதியிட்ட ‘லியர் அரசன்’ இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்றில், நத்தானியேல் பட்டருக்காக அச்சிட்டது, புனித ஆஸ்டின் வாசல் அருகே புள்ளிக்காளை அடையாளத்தில் கிடைக்கும் என்று முழு விலாசம். இன்னொன்றில் பட்டர் பெயரும் 1608-ம் மட்டும், கடை இல்லை. முந்நூறு வருஷம் அறிஞர்கள் இதை நம்பினார்கள். 1908-ல் டபிள்யூ. டபிள்யூ. கிரெக் என்ற ஆய்வாளர் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். 1600 என்றும் 1608 என்றும் 1619 என்றும் தேதியிட்ட புத்தகங்களில் ஒரே கலவைக் காகிதம், ஒரே நீர்க்குறிகள். பத்து இருபது வருஷம் ஒருவர் அதே காகிதக் கட்டை வைத்துக்கொண்டு இருந்திருக்க முடியாது. ஆக, கடை விலாசம் இல்லாத அந்த ‘லியர்’ உட்பட இந்தக் காகிதத்தில் வந்த எல்லாமே 1619-ல் வில்லியம் ஜாகர்ட் அச்சகத்தில் தாமஸ் பேவியர் என்ற பதிப்பாளருக்காக அடித்தவை. காகிதத்துக்குத்தான் முதலில் பணம் போகிறது என்று சொன்னேன் அல்லவா, கடைசியில் சாட்சி சொன்னதும் அதே காகிதம்தான்.

அதே ஜாகர்ட் குடும்பம்தான் 1623-ல் ஷேக்ஸ்பியரின் பெரிய தொகுப்பான ‘முதல் ஃபோலியோ’வை அடித்தது. கிட்டத்தட்ட 900 பக்கம், தாளுக்கு நாலு பக்கம். சுமார் 750 பிரதி என்று கணக்கிடுகிறார்கள். நானும் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய 1,70,000 தாள். தலைப்புப் பக்கத்தில் ஐசக் ஜாகர்ட், எட் பிளவுன்ட் என்று இரண்டே பெயர். கடைசிப் பக்கத்துக்குப் போனால்தான் செலவு யாருடையது என்று தெரிகிறது: வில்லியம் ஜாகர்ட், பிளவுன்ட், ஸ்மெதிக், ஆஸ்ப்லி. பின்னவர் இருவரும் சேர்ந்ததற்குக் காரணம், சில நாடகங்களின் ‘காப்பி’ அவர்களிடம் இருந்தது. ‘ஹாம்லெட்’ ஸ்மெதிக்கிடம், ‘மச் அடோ’ ஆஸ்ப்லியிடம். ‘ட்ராய்லஸ்’ உரிமையில் சிக்கல் வந்து, அச்சு நடுவில் நின்றுபோய், கடைசி நேரத்தில் செருகப்பட்டது. அதனால்தான் பொருளடக்கத்தில் அந்த நாடகமே இல்லை. முன்னுரையில் நடிகர்கள் ஹெமிங்கும் கான்டலும் வாசகர்களிடம், குறை சொல்லுங்கள், ஆனால் முதலில் வாங்குங்கள், எது செய்தாலும் வாங்குங்கள் என்று கெஞ்சுகிறார்கள். அந்த வரியில் எனக்குக் கேட்பது நாலு பேர் முதல் போட்டுவிட்டுத் தூங்காமல் கிடந்த இரவுகள். புத்தகம் வெளிவருவதற்குச் சற்று முன்பே வில்லியம் ஜாகர்ட் இறந்துவிட்டார். அந்தத் தொகுப்பு இல்லையென்றால் ‘மெக்பெத்’ உட்பட 18 நாடகங்கள் நமக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

1666 செப்டம்பரில் லண்டன் எரிந்தது. நெருப்பு நெருங்கியபோது சர்ச்யார்டு கடைக்காரர்கள் தங்கள் இருப்பையெல்லாம் செயின்ட் பாலின் அடியில் இருந்த செயின்ட் ஃபெய்த் என்னும் நிலவறைக் கோயிலில் அடுக்கினார்கள். கல்கட்டடம், தீ இறங்காது என்ற நம்பிக்கை. இறங்கியது. சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில், புத்தக நஷ்டம் மட்டும் 1,50,000 பவுண்டு என்று பேசிக்கொள்வதை எழுதுகிறார். அவருக்கு வழக்கமாகப் புத்தகம் கொடுப்பவர் ஜோசுவா கிர்ட்டன். ஏழாயிரம் எட்டாயிரம் பவுண்டு மதிப்புள்ள மனிதர், நெருப்புக்குப் பிறகு இரண்டாயிரம் மூவாயிரம் கடனோடு நின்றார். மறு வருஷம் செத்துப்போனார். நஷ்டத்தின் துக்கத்தால் என்றே நம்புவதாகப் பீப்ஸ் குறித்திருக்கிறார். நான் அந்தப் பக்கத்தைப் படித்த அன்று மதியம் தேவாலயத்தைச் சுற்றப் போகவில்லை.

நெருப்பு அணைந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. 1667 ஏப்ரல் 27 அன்று சாமுவேல் சிம்மன்ஸ் என்ற அச்சகக்காரர் ஜான் மில்டனோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்துக்கு உடனே ஐந்து பவுண்டு. முதல் பதிப்பில் 1,300 பிரதி விற்றால் இன்னும் ஐந்து. இரண்டாம், மூன்றாம் பதிப்புக்கும் அப்படியே. எந்தப் பதிப்பும் 1,500-ஐத் தாண்டக் கூடாது. ஆங்கில இலக்கியம் படித்த எல்லாரும் இதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார்கள். உலக மகாகாவியத்துக்கு வெறும் பத்துப் பவுண்டு, பதிப்பாளர் சுரண்டல்! கல்லூரியில் நானும் அப்படித்தான் பேசினேன். இன்று பேச மாட்டேன். கவிஞருக்குக் கண் போய்ப் பதினைந்து வருஷம். மன்னரைக் கொன்றவர்களின் பக்கம் நின்றதற்காக அவருடைய நூல்கள் 1660-ல் தூக்கிலிடுபவரின் கையால் எரிக்கப்பட்டன, அவரும் சிறையில் இருந்துவிட்டு வந்தார். கவிதையோ பத்து காண்டம், எதுகை இல்லாதது. கடைத்தெரு சாம்பல். காகிதத்துக்கு யார் பணம் போடுவார்கள்? சிம்மன்ஸ் போட்டார். அவர் அப்பா மேத்யூ சிம்மன்ஸ் மில்டனின் துண்டுப்பிரசுரங்களை அச்சிட்டவர் என்ற பழைய உறவும் இருந்தது. விற்பனைக்கு ஏற்ற ஒப்பந்தத்தை எழுத்தில் கொடுத்தாரே, அதற்கு முன் எத்தனை பேருக்கு அது கிடைத்தது?

1667-ல் வந்த அந்த முதல் தலைப்புப் பக்கத்தில் சிம்மன்ஸின் பெயர் இல்லை. விற்பவர்கள் மூன்று பேர்: ஆல்ட்கேட் அருகே கிரீட் சர்ச்சின் அடியில் பீட்டர் பார்க்கர், பிஷப்ஸ்கேட் தெருவில் துருக்கியர் தலை அடையாளத்தில் ராபர்ட் போல்டர், ஃப்ளீட் தெருவில் செயின்ட் டன்ஸ்டன் கோயிலின் அடியில் மத்தியாஸ் வாக்கர். வரைபடத்தில் மூன்றையும் குறித்துப் பார்த்தேன். மூன்றும் நெருப்பு எட்டாத ஓரங்கள். எரிந்துபோன நடுநகரத்தைச் சுற்றி, தப்பித்த கடைகளில் அந்தப் புத்தகம் விற்பனைக்கு வந்திருக்கிறது. மறு வருஷம் புதிய தலைப்புப் பக்கங்களில் சிம்மன்ஸ் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். வாசகர்களுக்கு ஒரு குறிப்பும் எழுதினார். ஒவ்வொரு காண்டத்துக்கும் கதைச் சுருக்கம் வேண்டும் என்று பலர் கேட்டதால் ஆசிரியரிடமிருந்து வாங்கிச் சேர்த்திருக்கிறேன், கவிதையில் ஏன் எதுகை இல்லை என்று பலர் தடுமாறியதால் அதற்கும் காரணம் சேர்த்திருக்கிறேன், எஸ். சிம்மன்ஸ். கடையில் வந்து நின்ற ஆட்கள் சொன்ன குறையைக் காதில் வாங்கிக்கொண்டு கண் தெரியாத கவிஞரிடம் போய்ச் சொன்ன மனிதர். இன்றும் அந்தக் காவியத்தைத் திறந்தால் ஒவ்வொரு காண்டத்தின் முன்னும் கதைச் சுருக்கம் இருக்கிறது. மில்டன் எழுதியது, சிம்மன்ஸ் கேட்டு வாங்கியது. 1680-ல் சிம்மன்ஸ் தன் உரிமையை 25 பவுண்டுக்கு விற்றார். பெரும்பணம் பார்த்தவர் பின்னால் வந்த ஜேக்கப் டான்சன் என்ற பதிப்பாளர்.

சிம்மன்ஸின் கடை ஆல்டர்ஸ்கேட் தெருவில் இருந்தது. அங்கிருந்து சில நிமிட நடையில் பார்த்தலோமியூ குளோஸ். 1709 முதல் தரங்கம்பாடி மிஷனரிகளின் கடிதங்களை ஆங்கிலத்தில் அச்சிட்டு விற்ற ஜோசப் டவுனிங்கின் இடம் அது. அவரோடு தொழில் செய்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அனுப்பிய அச்சுப்பொறி, வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி மீண்டு, 1712-ல் தரங்கம்பாடிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தச் சந்தில் நிற்கும்போது மட்டும் எனக்கு இந்த ஊர் அந்நியமாகத் தெரிவதில்லை.

போன மாதம் அக்கா லண்டன் வந்திருந்தாள். கோபுரம், பாலம் எல்லாம் காட்டிவிட்டு ஆல்ட்கேட் பக்கம் லெடன்ஹால் தெருவுக்குக் கூட்டிப்போனேன். செயின்ட் கேதரின் க்ரீ என்ற அந்தக் கோயில் இன்னும் நிற்கிறது. அதுதான் பழைய கிரீட் சர்ச். பீட்டர் பார்க்கரின் கடைக்கு அடையாளம் எதுவும் என் கண்ணில் படவில்லை. இங்கே என்னடா பார்க்கணும் என்றாள். ஒரு புத்தகம் முதலில் விற்ற இடம், போட்டவர் பெயரை அதில் போடவில்லை என்றேன். அவள் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “நம்ம புத்தகம் ஒண்ணாவது உன்கிட்ட இருக்கா?” என்று கேட்டாள். இருக்கிறது, பெட்டியில். வீட்டுக்கு வந்ததும் எடுத்து, முதல் பக்கத்தின் அடியில், அச்சகத்தின் பெயருக்கு மேலே, பேனாவால் அவள் பெயரை எழுதி அதோடு ‘க்காக’ என்று சேர்த்தேன்.